பிரிக்கப்பட்ட உறை

லமாரா சுபினித்ஸே ஜார்ஜியாவின் குத்தாயிசி நகரத் தபால் நிலையத்தில் வேலை பார்த்தாள். கிழிந்த உறை, நனைந்த உறை, வழியில் யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டிய உறை எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். விரலால் ஒரு முறை தடவிப் பார்த்து, எது தானாகப் பிரிந்தது, எது ஆள் பிரித்தது என்று சொல்லிவிடுவாள். மாலை ஐந்தரைக்கு அங்கிருந்து நேராக எங்கள் சதுரங்க மன்றத்துக்கு வருவாள். கைப்பையில் சோள ரொட்டியும் ஒரு துண்டு பாலாடைக்கட்டியும் இருக்கும். ஆட்டத்துக்கு நடுவே அதைப் பிய்த்துத் தின்றபடியே எதிராளியின் ராஜாவைச் சுற்றி வளைப்பாள்.

அப்போது அவளுக்கு முப்பத்து நாலு வயது. இரண்டு பெண் குழந்தைகள். கணவன் ஓத்தர் லாரி ஓட்டுபவன், சதுரங்கம் தெரியாது. "ஜெயிச்சியா? சரி. தோத்தியா? அப்ப அடுப்பைப் பத்த வை, பசிக்குது" என்பான். "ஜெயிச்சா யாரு பத்த வைக்கிறது?" என்று கேட்பாள். "ஜெயிச்சாலும் நீதான்" என்று சிரிப்பான்.

எங்கள் நாட்டில் பெண்கள் சதுரங்கம் ஆடுவது யாருக்கும் அதிசயமில்லை. கல்யாணச் சீரில் சதுரங்கப் பலகை வைப்பார்கள். உலகப் பட்டம் எங்கள் பெண்களிடம்தான் இருந்தது. அதனால் எங்களுக்கு இங்கே குறையொன்றும் இல்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எதேரி. அதே மன்றத்தில் பதினைந்து ஆண்டுகள் ஆடியவள்.

மன்றத்தின் தலைமை நடுவர் ஷால்வா. பெரிய மீசை, இடி மாதிரி குரல். எந்த விருந்திலும் முதல் மதுக்கோப்பையை நாட்டுக்கும் இரண்டாவதைப் பெண்களுக்கும் உயர்த்துவார். எங்கள் எல்லோரையும் 'கோகோ' என்றே கூப்பிடுவார். சிறு பெண்ணை அழைக்கிற சொல் அது. லமாராவுக்கு நரை எட்டிப் பார்க்கத் தொடங்கிய பிறகும் அவள் கோகோதான்.

1981 இலையுதிர் காலத்தில் லமாரா பெண்கள் பிரிவில் பெயர் கொடுக்கவில்லை. ஊர்ப் பொதுப் போட்டியில், ஆண்களோடு, பெயர் கொடுத்தாள். விதியில் தடை எதுவும் இல்லை. யாரும் அதுவரை கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

"விளையாட்டுக்குத்தானே கோகோ?" என்றார் ஷால்வா.

"ஆமா, விளையாடத்தான் வந்திருக்கேன்" என்றாள் அவள்.

அவள் ஒவ்வொருவராகச் சாய்த்தாள். ஒரு பல் மருத்துவர் தோற்றதும் கை கொடுக்காமல் எழுந்து போனார். இன்னொருவர், "அவ உள்ள வந்தாலே சென்ட் வாசனையில தலைவலிக்குது, எப்படி யோசிக்கிறது?" என்று எழுத்துமூலம் புகார் கொடுத்தார். லமாரா வாழ்நாளில் சென்ட் பூசியதில்லை. தபால் நிலையப் பசை வாசனைதான் அவளிடம் இருக்கும்.

கடைசிச் சுற்றில் எதிரே வாஜா உட்கார்ந்தான். இருபத்தாறு வயதுப் பொறியாளன், நல்ல ஆட்டக்காரன். அவளைவிட அரைப் புள்ளி முன்னால் இருந்தான். சமன் செய்தால் பட்டம் அவனுக்கு. அவள் வென்றால் அவளுக்கு. பட்டம் வாங்குகிறவர் ஜார்ஜியாவின் ஆண்கள் இறுதிப் போட்டிக்குப் போகலாம்.

ஐந்து மணி நேரம் ஆடினார்கள். இருவரிடமும் ஒரு யானையும் சில சிப்பாய்களும் மிச்சம். லமாராவுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். நேரம் முடிந்துவிட்டதால் ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அந்நாட்களில் அப்படித் தள்ளிவைத்தால், நகர்த்த வேண்டியவர் தன் அடுத்த நகர்த்தலைப் பலகையில் செய்யாமல் தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். எதிராளிக்கு அது தெரியக் கூடாது. நடுவர் உறையைத் தன் இரும்பு அலமாரியில் பூட்டி வைத்து, மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் பிரிப்பார்.

லமாரா நெடுநேரம் யோசித்து எழுதினாள். உறையை நாவால் நனைத்து ஒட்டி, இருவரும் கையெழுத்திட்டார்கள். என்ன எழுதினாள் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. சிப்பாயை முன்னால் தள்ளியிருப்பாள் என்றே மன்றம் முழுக்கப் பேசிக்கொண்டது.

மறுநாள் மூன்று மணி. கூடத்தில் நிற்க இடமில்லை. ஷால்வா உறையை மேசையில் வைத்து, ஓரத்தைக் கிழிக்கக் கத்தரியை எடுத்தார்.

"நில்லுங்க" என்றாள் லமாரா.

உறையை எடுத்து ஒட்டிய இடத்தில் கட்டைவிரலை ஓட்டினாள். அவள் முகம் வெளுத்ததை நான் மூன்றடி தள்ளி நின்று பார்த்தேன்.

"இதை ஏற்கெனவே பிரிச்சிருக்காங்க."

எல்லோரும் உறையை எட்டிப் பார்த்தார்கள். ஷால்வா மட்டும் சிரித்தார். "கோகோ, தபாலாபீஸ்ல உக்காந்து உக்காந்து உனக்கு எல்லா உறையும் திருட்டு உறையாத் தெரியுது."

"ஆவி காட்டிப் பிரிச்சிருக்கீங்க. தாள் நெளிஞ்சிருக்கு. மேல வேற பசை போட்டு ஒட்டியிருக்கு. நேத்து நான் பசையே தொடல, நாக்குல நனைச்சுத்தான் ஒட்டினேன்."

"பொம்பளைங்களுக்குக் கடைசி ஆட்டத்துல படபடப்பு வர்றது சகஜம்தான்" என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். வாஜா பலகையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"ஆடுறியா, விட்டுக்கொடுக்கிறியா?" என்றார் ஷால்வா.

அவள் உட்கார்ந்தாள். ஷால்வா உறையைக் கிழித்துத் தாளைப் படித்தார். சிப்பாய் இல்லை. ராஜாவைப் பின்னுக்கு இழுத்து மூலையில் வைத்திருந்தாள்! கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. யாரும் எதிர்பார்க்காத நகர்த்தல். எனக்கே அதன் காரணம் பிடிபட ஐந்து நிமிடம் ஆயிற்று. ஆனால் ஷால்வா கடிகாரத்தை அழுத்திக் கையை எடுப்பதற்குள் வாஜா பதில் ஆடிவிட்டான். அடுத்ததும் அப்படியே. ஆறு நகர்த்தல்கள், ஒரு நிமிடத்துக்குள். வீட்டில் எழுதி மனப்பாடம் செய்தவன் ஒப்பிப்பது போல.

அவள் சொன்னது உண்மை.

ஆட்டம் சமனில் முடிந்தது. பட்டம் வாஜாவுக்கு. லமாரா அவனுக்குக் கை கொடுத்தாள். பிறகு யாரும் எதிர்பாராமல், மேசையில் கிடந்த அந்த உறையை எடுத்துத் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள். ஒரு பெண்ணின் சட்டைக்குள் கைவிட எந்த நடுவருக்கும் துணிவில்லை. நடந்தது எல்லாவற்றிலும் அது ஒன்றுதான் எங்களுக்குச் சாதகம்.

தபால் நிலையத்தில் பிரிக்கப்பட்ட பொட்டலங்களைச் சோதிக்கும் நானி என்ற மூத்த பெண் ஊழியர் உறையைப் பார்த்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். ஒட்டிய இடத்தில் இரண்டு பசை, தாளில் ஆவி பட்ட நெளிவு. அந்தத் தாளோடு லமாரா நகர விளையாட்டுக் குழுவிடம் புகார் கொடுத்தாள்.

விசாரணைக்கு நானும் போனேன். நீளமான மேசை, பின்னால் ஏழு ஆண்கள், ஓரத்து நாற்காலியில் ஷால்வா. தலைவர் நானியின் தாளை இரண்டு விரலால் பிடித்து, "பசை வாசனை பிடிக்கிற பொம்பளைங்களை நம்பி ஊர்ப் பட்டத்தைப் பறிக்கச் சொல்றியாம்மா?" என்றார்.

அப்போதுதான் நான் எழுந்தேன். எழ நினைத்ததாக நினைவில்லை. கால்கள் தாமாக எழுந்தன.

"என் உறையையும் ஷால்வா பிரிச்சாரு" என்றேன். "எழுபத்தாறுல. ஆணும் பொண்ணும் கலந்து ஆடுன அணித் தேர்வுல. என் கண்ணு முன்னாடியே பிரிச்சாரு. 'தப்பா எழுதியிருந்தா பாவம்ல கோகோ, சரி பாக்குறேன்'னாரு. பள்ளிக்கூடப் பிள்ளையோட வீட்டுப்பாடம் மாதிரி. மறுநாள் என் எதிராளி எல்லாத்துக்கும் பதில் வச்சிருந்தான்."

லமாரா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

ஷால்வா மறுப்பார் என்று நினைத்தேன். கத்துவார், மேசையைக் குத்துவார் என்று நினைத்தேன். அவர் சாய்ந்து உட்கார்ந்து, பிள்ளைகளிடம் பேசுகிற கனிவோடு சொன்னார்:

"பிரிச்சேன். அதுக்கென்ன இப்போ? வாஜா சின்னப் பையன், முன்னுக்கு வர வேண்டியவன். அவனுக்கு அந்த இடம் வேணும். உனக்குத்தான் பெண்கள் போட்டி இருக்கே கோகோ. அங்க போய் ஜெயிச்சுக்கோ, நானே முதல் ஆளா உனக்காகக் கோப்பையைத் தூக்குறேன்."

ஏழு பேரில் நாலு பேர் தலையாட்டினார்கள். ஒருவர் அலுத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குற்றத்தை ஒப்புக்கொண்ட மனிதரின் முகத்தில் துளி வெட்கம் இல்லை. அவர் எங்களை வெறுத்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். அவருக்கு எங்கள் மேல் பிரியம்தான்.

தீர்ப்பு அரை மணியில் வந்தது. ஆட்ட முடிவு மாறாது. ஷால்வாவுக்கு வாய்மொழி எச்சரிக்கை. உறையைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டியின் ஒழுங்கைக் குலைத்ததற்காக லமாராவுக்கு ஓராண்டுத் தடை.

வெளியே படிக்கட்டில் அவள் என்னிடம் கேட்டாள்: "அஞ்சு வருஷம், எதேரி. ஏன் சொல்லல?"

நான் உண்மையைச் சொன்னேன். "அது தப்புன்னே எனக்குத் தோணல. நான்தான் சரியா ஆடலன்னு நினைச்சேன்."

அவள் பேருந்துக்குக் காத்திராமல் பாலத்தின் மேல் நடந்து போனாள். நாலு மாதம் என்னோடு பேசவில்லை. வாஜா இறுதிப் போட்டிக்குப் போய்க் கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தான். அவன் என்னைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டிவிடுவான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் பலகை.

"உன்மேல கோபம் தீரல" என்றாள் உள்ளே வந்துகொண்டே. "ஆனா தடை முடியறவரைக்கும் நான் யாரோட ஆடுறது? ஓத்தரோடயா?"

ஞாயிறுதோறும் ஆடினோம். தடை முடிந்த ஆண்டு பொதுப் போட்டிக்கு மறுபடி பெயர் கொடுத்தாள். நானும் கொடுத்தேன். எங்களைப் பார்த்து இன்னும் ஐந்து பெண்கள் கொடுத்தார்கள். எங்கள் ஏழு பேரின் ஒரே கோரிக்கை, அலமாரிச் சாவி இரண்டு பேரிடம் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது. முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்கள்.

லமாரா அந்த முறை மூன்றாவதாக வந்தாள். அதற்கு மேல் அவள் ஏறவே இல்லை. ஊர்ப் பட்டம் அவளுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. வாஜாவை அதற்குப் பிறகு நாலு முறை சந்தித்தாள், மூன்றில் வென்றாள். ஷால்வா இறந்தபோது மன்றமே அழுதது. "பெண்கள் சதுரங்கத்தின் தந்தை" என்று மலர்வளையத்தின் நாடாவில் எழுதியிருந்தார்கள். லமாரா அதை நின்று வாசித்தாள். பிறகு என் கையைப் பிடித்து, "வா, போலாம், மழை வர்ற மாதிரி இருக்கு" என்றாள்.