‘ங்க’ இல்லாத ஒரு வரி

என் அண்ணிக்குத் தொழில் அலறுவது. கேலிக்குச் சொல்லவில்லை. சினிமாவுக்கு டப்பிங் கொடுக்கும் இடத்தில் பத்தொன்பது வருடமாக அலறிக்கொண்டிருக்கிறாள். திரையில் கதாநாயகி மாடிப்படியில் உருண்டால், உருளுவது கதாநாயகி, தொண்டை என் அண்ணியுடையது. கரப்பான்பூச்சிக்கு ஒன்று, பேய்க்கு ஒன்று, வில்லன் கதவைத் தாழ்போடும்போது ஒன்று என்று தினுசு தினுசாக வைத்திருக்கிறாள். வசனம் பேச வேறு ஆட்கள் வருவார்கள். அலறல் என்றால் இவளுக்குத்தான் போன் வரும். அங்கே அவள் பெயரே ‘அலறல் அக்கா’.

வீட்டிலோ வாயில்லாப் பூச்சி. அலறலை ஒத்திகை பார்ப்பதென்றால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் அலறுவாள். ஒருநாள் தலையணை உறை துவைக்கப் போயிருந்ததால் வெறுமனே அலறிவிட்டாள். மேல்வீட்டுக்காரர் போலீசைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கதவைத் திறந்த என் அண்ணன் அப்போதுதான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். கையில் கத்தி, கண்ணில் கண்ணீர். போலீஸ்காரர் வேறு என்ன நினைப்பார்? அண்ணிதான் ஓடி வந்து, “நான்தாங்க கத்தினேன், என் வேலைங்க அது” என்று சொல்லி, நம்பாத மனுஷனுக்கு இன்னொரு தடவை அலறிக் காட்டினாள். அவர் தொப்பியைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவளுக்கு இருக்கும் ஒரே வியாதி மரியாதை. வாங்க, போங்க, இருங்க. பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனாலும் “முழிச்சிட்டீங்களா” என்பாள். தெருநாய் வழியை மறித்துப் படுத்திருந்தால், “கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா” என்று கேட்பாள். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். இவள் சுற்றிக்கொண்டு போவாள். போனில் பதிவு செய்த குரல் “எண் ஒன்றை அழுத்தவும்” என்று சொன்னால், “சரிங்க, அழுத்தறேங்க” என்று பதில் சொல்லிவிட்டுத்தான் அழுத்துவாள்.

நான் அப்படியில்லை. நான் நாத்தனார், அதற்குரிய வாய் எனக்கு உண்டு. என்னையும் அதே வேலைக்கு இழுத்துவிட்டது அண்ணிதான். நான் கூட்டக்குரல். திரையில் நூறு பேர் கூடி “அடப்பாவி” என்றால், அதில் இடதுபக்கம் இருந்து வருவது நான்.

போன மாதம் ஒரு படம் வந்தது. டைரக்டர் சின்னப் பெண், காதில் பென்சில் செருகியிருப்பாள், அதையே நாள் முழுக்கத் தேடுவாள். துணி தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்யும் நாலு பெண்களைப் பற்றிய கதை. பஸ்ஸில் உரசுகிறவன், லிஃப்டில் ஒட்டி நிற்கிறவன், அளவு பார்க்கிறேன் என்று இழுக்கிற சூப்பர்வைசர், இவர்களை அந்த நாலு பேரும் எப்படி எதிர்த்துக் கேட்கிறார்கள் என்பதுதான் படம். டைரக்டர் பெண்ணிடம் அண்ணி, “தண்ணி குடிக்கிறீங்களா” என்று மெல்லக் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் பென்சில் தேடுவதை நிறுத்திவிட்டு, “அக்கா, இந்தக் குரல்தான் எனக்கு வேணும்” என்றாள்.

அந்த நாலு பேரில் ஒருத்தியான பேக்கிங் செக்‌ஷன் பெண் வேஷத்துக்குக் குரல். அலறல் இல்லை, பேச்சு. நிஜமான பேச்சு. அதுவும் படம் ஆரம்பிக்கும்போது பெயர் போடுவார்கள். பத்தொன்பது வருடம் கத்தியவளுக்கு ஒரு தடவைகூடத் திரையில் பெயர் வந்ததில்லை. அன்று வீட்டுக்கு வந்து அண்ணனிடம், “ஏங்க, என் பேரு வருமாங்க, எழுத்துல வருமாங்க” என்று நாலு தடவை கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “தப்பா எழுதிடப் போறாங்க, எழுத்துக் கூட்டிச் சொல்லிட்டு வாங்க அண்ணி” என்றேன்.

இரண்டு நாளில் எல்லா வரிகளையும் பேசி முடித்துவிட்டாள். கிளி மாதிரி. ஒரே ஒரு வரி மிச்சம்.

படம் முழுக்கச் சூப்பர்வைசர் முன்னால் மட்டும் வாய் திறக்காமல் பெட்டியில் துணி அடுக்கும் அந்தப் பேக்கிங் பெண், கடைசியில் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்து இரண்டே வார்த்தை சொல்கிறாள். “கையை எடு.” திரை முழுக்க அவள் முகம்தான். ‘எடு’ என்றதும் நடிகை உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறாள், பூட்டுப் போட்ட மாதிரி.

அண்ணி மைக் முன்னால் நின்று, மூச்சை இழுத்து, கண்ணில் தீப்பொறி பறக்கச் சொன்னாள்: “கையை எடுங்க.”

மூடிய உதட்டுக்குள்ளிருந்து ‘ங்க’ வந்தது. சவுண்டு என்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தலையில் கைவைத்துக்கொண்டார். “அக்கா, லிப் முடிஞ்சுபோச்சு. ‘ங்க’வுக்கு இடமில்ல.”

“மன்னிச்சிடுங்க. இதோ சொல்லிடறேங்க.”

“கையை எடுங்க.”

இருபத்தாறு டேக். ஒவ்வொன்றிலும் அந்த ‘ங்க’ வால் மாதிரி பின்னாலேயே வந்தது. “‘ங்க’வை மட்டும் முழுங்கிடுங்க அக்கா” என்றாள் டைரக்டர் பெண். அண்ணிதான் யார் சொல்லையும் தட்டாதவள் அல்லவா, முழுங்கினாள். விக்கல் பிடித்துக்கொண்டது. அப்புறம் அரைமணி நேரம் விக்கலைத்தான் பதிவு செய்ய முடிந்தது. என்ஜினியர், வேறு படத்துக்கு ஆகும் என்று அதையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

டைரக்டர் பெண்ணுக்கு வருத்தம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு நேரம் முடிகிறது. “அந்த வரி இல்லைன்னா படமே இல்ல அக்கா. ஒரு வரிக்கு மட்டும் வேற குரல் போட முடியாது. வரலைன்னா மொத்த வேஷத்தையும் வேற ஒருத்தங்களைப் பேச வைக்கணும்” என்றாள். அண்ணி, “நியாயந்தாங்க” என்றாள். பாவி, அதற்கும் ‘ங்க’.

வீட்டில் ஒத்திகை நடந்தது. அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்து, பிஸ்கட் டப்பாவுக்குள் கையை விடச் சொன்னேன். “திட்டுங்க அண்ணி. கையை எடு. அவ்வளவுதான்.” அண்ணி டப்பாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். “இன்னும் ரெண்டு எடுத்துக்கோங்க” என்றாள். சரி, கண்ணாடியைப் பார்த்துச் சொல்லட்டும் என்று நிறுத்தினேன். கண்ணாடியில் தெரிந்தவளையும் ‘ங்க’ போட்டுத்தான் அழைத்தாள். கடைசியில் அண்ணனே முன்வந்து, வில்லன் மாதிரி மீசையை முறுக்கி அவள் தோளில் கையைப் போட்டான். அண்ணி சட்டென்று விறைத்துப்போய், அப்படியே குனிந்து நழுவி, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். அண்ணன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நழுவல் எங்கே பழகியது என்று எனக்குத் தெரியும்.

டப்பிங் தியேட்டருக்கு ஒரு மேனேஜர். யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்பதெல்லாம் அவர் போன் செய்வதைப் பொறுத்தது. பெண்கள் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘சால்வை’. எந்தத் தோள் கிடைத்தாலும் வந்து விழுந்துவிடுவார். “என்னம்மா, நல்லா இருக்கியா” என்று விழும் கை, நாம் நல்லா இருக்கிறோம் என்று சொல்லி முடித்த பிறகும் அங்கேயே இருக்கும். கேட்டால், “நான் உனக்கு அண்ணன் மாதிரி” என்பார். எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான், அவன் இப்படியெல்லாம் செய்ததில்லை.

சால்வையைச் சமாளிக்க நாங்கள் செய்த கண்டுபிடிப்புகளை எழுதினால் ஒரு புத்தகம் ஆகும். நான் ஒரு பெரிய ஹேண்ட்பேக் வாங்கித் தோளை மறைத்தேன். குழந்தைக் குரல் கொடுக்கிற அக்கா அவரைக் கண்டாலே லொக்கு லொக்கென்று இருமுவாள். பாட்டி வேஷத்துக்குப் பேசுகிறவள் ஒருநாள் தோளில் வலித்தைலத்தை அப்பிக்கொண்டு வந்தாள். கை வைத்தவர் மறதியாகக் கண்ணைக் கசக்கிவிட்டு, சாயங்காலம் வரை கதாநாயகி செத்த மாதிரி அழுதுகொண்டிருந்தார். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. ஆனால் பாருங்கள், இத்தனை மூளையையும் தைலத்திலும் இருமலிலும் செலவழித்தோமே தவிர, பூனைக்கு மணி கட்ட ஒருத்திக்கும் துணிச்சல் இல்லை. எனக்கும்தான். ஊருக்கே கேட்கிற என் வாய், அவர் கை விழும்போது மட்டும் கடை அடைத்துவிடும்.

வெள்ளிக்கிழமை வந்தது. மதியம் மூன்று மணிக்கு நாற்பத்தோராவது டேக். நான் அடுத்த சீனின் கூட்டத்துக்காக உள்ளேயே, மைக்குக்குப் பின்னால் சுவரோரம், இன்னும் மூன்று பேரோடு உட்கார்ந்திருந்தேன். அண்ணியின் குரல் தேய்ந்துபோயிருந்தது. “கையை எடு... ங்க.” இப்போது நடுவில் ஒரு இடைவெளி வந்திருந்தது, அவ்வளவுதான் முன்னேற்றம். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் டைரக்டர் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். அண்ணி அதைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் சுண்டிப்போனது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு சால்வை வந்தார். மைக் ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறது, அதெல்லாம் அவருக்குப் பொருட்டா?

“என்னம்மா, ரெண்டு வார்த்தை வரலையாமே. இதுல என்ன இருக்கு? நான் சொல்லித் தரேன், கவனி. இந்த மாதிரி ஆளுங்களை நினைச்சாலே எனக்கு ரத்தம் கொதிக்குது தெரியுமா. பொம்பளைங்க நீங்க தைரியமா இருக்கணும்.”

சொல்லிக்கொண்டே கையைப் போட்டார். அண்ணியின் தோளில்தான். போட்டுக்கொண்டு, மைக்கைப் பார்த்து, கர்ஜனையாகச் சொன்னார்: “கையை எடு! பார்த்தியா, அடிவயித்துலேருந்து வரணும். எங்கே, சொல்லு.”

பக்கத்தில் குழந்தைக் குரல் அக்கா இருமத் தொடங்கினாள். அண்ணி அவர் கையைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். கத்தவில்லை. தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்கிற அதே குரலில் சொன்னாள்.

“கையை எடு.”

‘ங்க’ வரவில்லை. நான் காது கொடுத்துக் காத்திருந்தேன், வரவே இல்லை.

சால்வைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அடடா, அற்புதம். இதைத்தானே நான் சொன்னேன்” என்று தோளை இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார். கை இருந்த இடத்திலேயே இருந்தது. “இன்னொரு தடவை சொல்லு பார்ப்போம், கொஞ்சம் கோபத்தோட.”

“கையை எடு.”

“பிரமாதம். நாலு நாளா இதை எங்கே ஒளிச்சு வெச்சிருந்தே?”

“இது டயலாக் இல்ல” என்றாள் அண்ணி. “உன்னைத்தான் சொல்றேன். என் தோள்லேருந்து கையை எடு.”

குழந்தைக் குரல் அக்காவின் இருமல் நின்றுவிட்டது. அந்தக் கை மெதுவாக மேலே எழும்பி, எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு தன் காதைச் சொறிந்துகொண்டது. ஸ்பீக்கரில் என்ஜினியரின் குரல் வந்தது. “எல்லாம் ரெக்கார்டு ஆயிருக்கு. முதல்ல சொன்னது லிப்புக்குக் கச்சிதமா உட்காருது.” அதைத் தொடர்ந்து டைரக்டர் பெண்ணின் குரல்: “டேக் ஓகே அக்கா.”

சால்வை கண்ணாடியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சிரிக்க முயன்றார். ஒருவரும் கூடச் சிரிக்கவில்லை. முகம் தொங்கிப்போய், “நான் என்ன தப்பா பண்ணிட்டேன்? பிடிக்கலைன்னா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா” என்றார்.

“சொன்னேனே” என்றாள் அண்ணி. “பத்தொன்பது வருஷமா சொல்லிட்டுத்தான் இருக்கேன். ‘சார், கையைக் கொஞ்சம் எடுங்க சார்’னு ஒவ்வொரு தடவையும் சொன்னேன். மரியாதையாச் சொன்னேன். உனக்கு அது கேக்கவே இல்ல.”

எனக்குச் சுருக்கென்றது. ஆமாம், சொல்லியிருக்கிறாள். பக்கத்திலேயே நின்று நானும் கேட்டிருக்கிறேன். சிரித்த முகத்தோடு, தணிந்த குரலில், வணக்கம் சொல்வது போல அவள் சொன்னதை, அண்ணிக்கு இது ஒரு பழக்கம் என்று நானும் ஒதுக்கிவிட்டேன். வாயில்லாப் பூச்சி என்று பட்டமும் கொடுத்தேன். இத்தனை பேரில் வாய் திறந்தவள் அவள் ஒருத்திதான்.

சால்வை வெளியே போக எங்கள் நாற்காலிகளைக் கடந்துதான் போக வேண்டும். நாங்கள் நாலு பேரும் ஒதுங்கவும் இல்லை, இருமவும் இல்லை. அவர்தான் சுவரோடு ஒட்டி, இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு, பக்கவாட்டில் நடந்து போனார்.