மருமகள் பேரில் ஒரு பொட்டலம்

கந்தர்வக்கோட்டை பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய மருந்துக்கடையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். நாப்கின் வாங்க வரும் பெண்கள் யாரும் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஆண்கள் நின்றால் ஒதுங்கிக் காத்திருந்து, கண்ணாலேயே அலமாரியைக் காட்டுவார்கள். நானும் அதைச் செய்தித்தாளில் மடித்து, கறுப்புக் கவரில் போட்டு, திருட்டுச் சாமான் கைமாறுவதுபோல் கொடுப்பேன். எவ்வளவு அழகாக மடிக்கிறேன் என்று எனக்குப் பெருமை வேறு.

அப்படி வருகிறவர்களில் ஒரு அக்கா, முந்திரி உடைக்கப் போகிறவர். ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். ஐம்பதைத் தாண்டிய வயதில் ஒருநாள் தலைவலி மாத்திரை வாங்க வந்தவர், "எனக்கு நின்னு வருசம் ஒண்ணாச்சு புள்ள. இனிமே ஒன் பொட்டலத்துக்கு வேலை இல்ல" என்று சிரித்தார். பரீட்சை முடிந்த பிள்ளையின் சிரிப்பு அது. அந்த வருடம்தான் ஒரே மகனுக்குக் கல்யாணம் முடித்திருந்தார்.

அதற்கடுத்த வருடம் மறுபடி வந்தார். "ஒரு பொட்டலம் குடு. மருமகளுக்குத்தான்." யாருக்கு என்று நான் கேட்கவே இல்லை. அடுத்த மாதமும் வந்தார். பிறகு ஒரே மாதத்தில் இரண்டு தடவை வந்தார். பெரியதாகக் கொடு என்றார்.

"என்னக்கா, மருமகளுக்கு ரொம்பப் படுதா? ஏழு நாளத் தாண்டுனாலோ, கட்டி கட்டியா விழுந்தாலோ, மணிக்கு ஒருதரம் மாத்த வேண்டியிருந்தாலோ டாக்டர்ட்ட காட்டிரணும்க்கா" என்றேன்.

"வயசுப்புள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்று அவர் பஸ்ஸைப் பார்த்துக் கிளம்பிவிட்டார்.

எனக்கு இன்னொன்றும் தெரியும். நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு பட்டாலும், வலி இல்லாவிட்டாலும், உடனே போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். ஆனால் அதைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதைச் சொல்லாமல் விட்டேன். அவர் நின்றுபோனவர், வாங்குவது மருமகளுக்கு, அப்புறம் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் காலை, கடையில் கூட்டம். அக்கா வந்து தீட்டைத் தள்ளிப்போடும் மாத்திரை ஒரு அட்டை கேட்டார். திருவிழா, கல்யாணம் என்றால் எங்கள் பக்கத்தில் அந்த மாத்திரை மிட்டாய் மாதிரி போகும். டாக்டர் சீட்டு இல்லாமல் நானும் அள்ளிக் கொடுத்திருக்கிறேன்.

"மருமகளுக்குத்தான். வீட்டுல விசேசம் வருது" என்றவர், மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றை வைத்து, "நீ கட்டாயம் வரணும்" என்று போனார். உதடெல்லாம் வெளுத்திருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் கூட்டம் ஓய்ந்து பத்திரிகையைப் பிரித்தேன். மருமகளுக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம்.

அப்படியானால் ஏழு மாதமாக நான் மடித்துக் கொடுத்ததெல்லாம் யாருக்கு?

வளைகாப்பு அன்று பந்தலுக்குப் பின்னால் அவரைத் தனியாக இழுத்துக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"மருமக மாசமா இருக்கா. மாமியாளுக்குத் திரும்பத் தீட்டுன்னா ஊரு சிரிக்காதா புள்ள? தீட்டோட நின்னா அவ கைக்கு நான் வளையல் போட முடியுமா?"

"இது தீட்டு இல்லக்கா. நின்னப்புறம் வந்தா அது வேற. நாளைக்கே புதுக்கோட்டைக்குப் போவோம், நான் கூட வாரேன்."

"இப்பப் போனா எல்லாருக்கும் தெரிஞ்சிரும். அவ மனசு ஒடைஞ்சிரும். பேரப்புள்ள மொகத்தப் பாத்துட்டு வாரேன். அதுவரைக்கும் யாருட்டயும் சொல்லாத." சொல்லிக்கொண்டே, வந்தவர்களுக்கு வைத்திருந்த கண்ணாடி வளையலில் இரண்டை என் கையில் ஏற்றினார். கறுத்த விரல்கள் சில்லென்று இருந்தன. நான் சரி என்று தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலை என்னால் மன்னிக்க முடியவில்லை. மகன் பத்தடி தூரத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை போதும்.

பேரன் பிறந்து, பதினாறாம் நாள் பேர் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். புதுக்கோட்டையில் பார்த்து, தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். கர்ப்பப்பையில் தொடங்கிய புற்று வயிறு முழுவதும் பரவியிருந்தது. இத்தனை மாதம் எங்கே போனீர்கள் என்று டாக்டர் கேட்டாராம். பேரன் குப்புற விழும் முன்பே அக்கா போய்விட்டார்.

இப்போது யார் பொட்டலம் கேட்டாலும் யாருக்கு, என்ன வயது, எத்தனை நாளாக என்று விடாமல் கேட்கிறேன். தள்ளிப்போடும் மாத்திரைக்குச் சீட்டு கேட்கிறேன். சிலர் முறைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். ஆனாலும் கேட்கிறேன்.

போன மாதம் மருமகள் வந்தாள். இடுப்பில் பையன். கடையில் நாலு ஆண்கள் நின்றார்கள். "நாப்கின் ஒண்ணு குடுங்கக்கா" என்றாள், சத்தமாகவே. பழக்கதோஷத்தில் நான் செய்தித்தாளை எடுத்தேன்.

"மடிக்காதீங்க."

நிறுத்தினேன்.

"எம்பேரச் சொல்லித்தான் அத்தை வாங்குச்சாமே. தஞ்சாவூர்ல படுத்துக்கிட்டு அதச் சொல்லிச் சொல்லி அழுதுச்சு. ஒங்களுக்குத் தெரியாதாக்கா?"

"வளைகாப்பு அன்னைக்கே தெரியும்மா" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். காசை வைத்துவிட்டு, பாக்கெட்டை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி அங்கிட்டுப் போய் நின்றாள். பஸ் வரும்வரை அதை மறைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.