பூசை உடுப்புப் பெட்டியும் என் சேலைகளும்

கல்யாணமாகி வந்ததிலிருந்து என் சேலைகள் சூட்கேசில்தான் குடியிருந்தன. தினமும் காலையில் மண்டியிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து சூட்கேஸை இழுத்து, ஜிப்பைத் திறந்து, அடியில் நசுங்கிக் கிடக்கும் ஒன்றை உருவி எடுத்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். பார்ப்பவர்களுக்கு நான் எந்த நேரமும் ஊருக்குக் கிளம்பப் போகிறவள் மாதிரி இருக்கும். முந்தானையில் எப்போதும் ஒரு மடிப்புக்கோடு. கணக்கு டீச்சருக்குப் பொருத்தமாகத்தான் கோடு போட்டிருக்கிறது என்பார் என் வீட்டுக்காரர். அவருடைய சட்டைகள் மட்டும் கொடியில் ஜாலியாகத் தொங்கும்.

பீரோ இல்லாமலா பெண்ணை அனுப்பினார்கள் என்று கேட்பீர்கள். அனுப்பினார்கள். ஆள் உயரக் கண்ணாடி வைத்த இரும்பு பீரோ, மாலை போட்டு, வேனில் ஏறி, என்னைவிட மரியாதையாக இந்த வீட்டுக்கு வந்தது. அடுத்த வருடமே நாத்தனாருக்குக் கல்யாணம் கூடியது. "மாப்பிள்ள வீட்ல பீரோ கேக்குறாக. இப்போதைக்கு இது போகட்டும்த்தா, உனக்கு வேற எடுத்துக்கலாம்" என்றார் மாமியார். என் சீர் பீரோ நாத்தனாரின் சீராகப் போனது. கண்ணாடியில் ஒட்டியிருந்த என் பொட்டைக்கூட அவர்கள் எடுக்கவில்லை. அந்த 'வேற' பீரோ இன்னும் வந்துகொண்டேயிருக்கிறது.

வீட்டில் மிச்சமிருந்தது மாமியாரின் பீரோ. மேல்தட்டில் மாமனாரின் சட்டைகள். மாமனார் ஆண்டவரிடம் போய் வெகுகாலமாகிறது, சட்டைகள் போக மறுத்துவிட்டன. நடுத்தட்டில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள். மாட்டுக்கும் கழுதைக்கும் வைக்கோலோடு இடம் ஒதுக்கியிருந்த அந்த பீரோவில் எனக்கு மட்டும் இடமில்லை.

பிள்ளைகள் இருவரும் படிக்க வெளியூர் போனதும், இந்த முறை எனக்கென்று ஒன்று வாங்கியே தீருவது என்று கிளம்பினேன். இரும்பு வேண்டவே வேண்டாம். இரும்பு என்றால் மறுபடி எவளுக்காவது சீராகப் போய்விடும். நாலு ஆள் சேர்ந்து மூச்சுப் பிடித்தாலும் நகராத பழைய தேக்குச் சாமானாக இருக்க வேண்டும். ஊரில் ஆளாளுக்கு ஆன்டிக் என்று ஆசைப்படுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். என் காரணம் அதன் கனம்தான்.

செம்பட்டி போகிற ரோட்டில் பழைய மரச்சாமான் கடை ஒன்று இருக்கிறது. தகரக் கொட்டகைக்குள் தூணும் கதவும் தொட்டிலுமாக அடைந்து கிடக்கும். கடைக்காரர் கணக்குப்படி அங்கே இருந்த எல்லாமே செட்டிநாட்டு அரண்மனையிலிருந்து வந்தவை. ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் காட்டிக் கேட்டிருந்தால் அதையும் ஆச்சி உட்கார்ந்தது என்றிருப்பார். முதலில் ஒரு கண்ணாடி மேஜையைக் காட்டினார். ரசம் போன கண்ணாடியில் எனக்கு அம்மை போட்டிருந்தது. "ஆன்டிக்னா அப்படித்தாங்க்கா இருக்கும்" என்றார். அடுத்தது ஒரு அலமாரி. கிட்டே போனால் டீக்கடை வாசனை. புது மரத்துக்கு டிகாக்‌ஷன் பூசிக் கிழடாக்கியிருந்தார்கள். நான் தலையில் டை அடித்து இளமையாவது போல அது எதிர்த்திசையில் முயற்சி செய்திருந்தது. மூன்றாவதில், "பூட்டைப் பாருங்க சார், லண்டன் பூட்டு" என்று கூட வந்திருந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னார். திண்டுக்கல்லில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல நெஞ்சழுத்தம் வேண்டும். இவர் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த லண்டன் எங்க சித்தப்பா வீட்டுக்குப் பின்னாடிதான இருக்கு" என்றார்.

அதற்கப்புறம்தான் மூலையில் அதைப் பார்த்தேன். இடுப்பு உயரம், நல்ல அகலம், மேலிருந்து கீழாக நாலு பெரிய டிராயர். ஒவ்வொன்றும் ஆழமில்லாமல் அகலமாக, ஒரு பட்டுச்சேலை ஒரே மடிப்பில் கால் நீட்டிப் படுக்கிற மாதிரி. ஒன்றை வெளியே இழுத்து அடிப்பலகையைப் பார்த்தேன். பூச்சி அரிக்கவில்லை, பிளைவுட் ஒட்டுப் போடவில்லை. திரும்பத் தள்ளினால் சத்தமே இல்லாமல் உள்ளே போனது. முகப்பில் மட்டும் ஒரு பித்தளை யானை, இடம் தெரியாமல் வந்தது போல ஒட்டியிருந்தது. "ஆச்சிமாருக சேலை வச்ச பெட்டிங்க்கா. சேலைக்குன்னே செஞ்சது" என்றார் கடைக்காரர். அன்று அவர் சொன்னதில் அது ஒன்றைத்தான் நான் நம்பினேன். மனதுக்குள் எந்தச் சேலை எந்த டிராயரில் என்று அங்கேயே பிரித்தாகிவிட்டது.

பெட்டி வீட்டுக்கு வந்து, நாலு பேர் தம் பிடித்து ஹாலில் இறக்கிவிட்டுப் போனார்கள். மாமியார் கன்னிவாடிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். சின்ன வயதில் அந்த ஊர் மாதா கோயிலில் சாமியாரின் பூசை உடுப்புகளை இஸ்திரி போட்டு வைக்கிற வேலை அவருடையது. பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மேல் டிராயரை இழுத்து, தலையை உள்ளே விட்டு, குழம்பு ஊசிவிட்டதா என்று பார்ப்பது போல மோந்தார். பிறகு அடுப்படிக்குப் போய் ஒரு கரண்டியோடு வந்து, காம்பை யானைக்கு அடியில் கொடுத்து நெம்பினார். யானை கழன்று விழுந்தது. அது இருந்த இடத்தில் மரம் சிலுவை வடிவத்தில் வெளுத்திருந்தது.

மாமியார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "இது கோயில் பெட்டி. பீடத்துக்குப் பின்னால ரூம்ல இருக்கும். சாமியாரு பூசைக்கு உடுத்துற உடுப்ப மடிக்காம இதுலதான் படுக்கப்போட்டு வைப்போம். இதுல போயி உன் பாவாடைய வைக்கப் போறியா?"

"சாமியாரும் உடுப்புதான அத்தை வச்சிருந்தாரு?"

"அது உடுப்பு. இது துணி."

அன்று சாயங்காலமே பெட்டி மேல் லேஸ் துணி விரிந்தது. அதன் மேல் மாதா சுரூபம், ரெண்டு மெழுகுவர்த்தி, ஒரு முழம் மல்லிகை. செய்தி பரவி, தெருப் பெண்கள் ஜெபமாலை சொல்ல வந்துவிட்டார்கள். பிளஸ் டூ எழுதப்போகும் பிள்ளைக்காக ஒருத்தி பெட்டியின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். நான் சேலை வைக்க வாங்கிய சாமானுக்கு முன்னால் நானே முழங்காலில் நின்று அருள் நிறை மரியே சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, அதே முழங்காலோடு போய் சூட்கேஸை இழுத்தேன்.

என் ஆத்திரத்தைப் பார்த்து வீட்டுக்காரர் சமாதானப் புறாவானார். பங்குச் சாமியாரைக் கூட்டி வந்து, இது வெறும் மரம்தான் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டால் அம்மா அடங்கிவிடுவார் என்பது திட்டம். சாமியார் இளைஞர், நல்ல மனுசர். பைக்கில் வந்து இறங்கி, காப்பி குடித்து, பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். "இதெல்லாம் இப்ப எந்தக் கோயில்லயும் இல்லைம்மா. நாங்களே இரும்பு பீரோவுக்கு மாறிட்டோம். இது மரம், அவ்வளவுதான். தாராளமா சேலை வைங்க."

அத்தோடு அவரை அனுப்பியிருக்க வேண்டும். வாசல் வரை போனவரை வீட்டுக்காரர் கூப்பிட்டு நிறுத்தினார். "ஃபாதர், இனிமே இது வீட்டுச் சாமான்னு ஒரு ஜெபம் சொல்லி மந்திரிச்சு விட்டுட்டுப் போங்க. அம்மா மனசு ஆறிரும்."

சாமியார் பாவம், கேட்டதைச் செய்தார். ஜெபம் சொல்லி, நாலு டிராயரையும் திறக்கச் சொல்லி, உள்ளே தீர்த்தம் தெளித்தார். எல்லோரும் ஆமென் சொன்னோம். நானும்தான் சொன்னேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல். பைக் சத்தம் தெருமுனை தாண்டியதும் மாமியார் டிராயர்களை ஒவ்வொன்றாக மூடினார்.

"இம்புட்டு நாளும் பழைய பெட்டி. இப்ப மந்திரிச்ச பெட்டி. இனி தொடப்பிடாது."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்பார்கள். எங்கள் வீட்டில் குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராகிவிட்டது, அதுவும் வேதக்கார வீட்டில். சரி, இதை வந்த வழியே திருப்பிவிடலாம் என்றால் அதுவும் முடியாது. மந்திரித்த பொருளை விற்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் இதைப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். அன்று வீட்டுக்காரருக்கு இரவுச் சாப்பாட்டுக்கு வெஞ்சனம் கிடையாது. ரசத்தை ஊற்றி, அப்பளம்கூட இல்லாமல் வைத்தேன்.

நாலு டிராயரும் காலியாகவே கிடந்தன. கோபத்தை விட வருத்தம்தான் அதிகம். அகலமான நாலு டிராயர் வெறுங்காற்றை அடைத்து வைத்திருக்க, பெற்ற தகப்பன் எடுத்துக் கொடுத்த கல்யாணப் பட்டு சூட்கேசுக்குள் மடிப்பிலேயே இற்றுக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் செத்தவர் சட்டைக்கு இடமிருக்கிறது, பொம்மைக் கழுதைக்கு இடமிருக்கிறது, நான் மட்டும் எத்தனை வருடமானாலும் வந்து தங்கியிருக்கும் ஆள்தானா என்று நினைத்து அழுதிருக்கிறேன். பாத்ரூமில்தான், குழாயைத் திறந்துவிட்டு.

கல்லறைத் திருநாள் வந்தது. மாமனார் கல்லறைக்கு மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பினோம். நான் கால் கழுவிவிட்டு வந்தபோது மாமியார் பெட்டியின் மேல் டிராயரைத் திறந்து எதையோ வைத்துக்கொண்டிருந்தார். ஜவுளிக்கடைப் பை ஒன்று. அதற்குள் வெள்ளைச் சேலை, ஜாக்கெட், ஒரு ஜெபமாலை.

"என்ன அத்தை அது?"

"என் அடக்கச் சேலை. நான் கண்ண மூடுனா அதத் தேடிக்கிட்டு நிக்கப்பிடாதுல்ல."

"உங்க துணி மட்டும் இதுல இருக்கலாமாக்கும்?"

"இது ஆண்டவர்ட்ட போற சேலை. இதக் கட்டிக்கிட்டு நான் என்ன மார்க்கெட்டுக்கா போகப் போறேன்?"

விறுவிறுவென்று உள்ளே போய், சூட்கேஸை ஹாலுக்கு இழுத்து வந்து, சேலைகளை அள்ளி இரண்டாவது டிராயரில் கொட்டினேன். காட்டன், பட்டு, பூனம் எல்லாம்.

"இதுவும் அடக்கச் சேலைதான். எதக் கட்டிக்கிட்டுப் போறதுன்னு நான் இன்னும் முடிவு பண்ணலை. முடிவு பண்ற வரைக்கும் அம்புட்டும் இங்கேயே இருக்கட்டும். அப்பப்ப ஒவ்வொன்னா கட்டிப் பாத்துக்கிறேன்."

வீட்டுக்காரருக்குக் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. நான் பெரிய சண்டைக்குத் தயாராக இடுப்பில் கை வைத்து நின்றேன். சண்டை வரவில்லை. மாமியார் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"வாயக் கழுவு. எனக்கு முந்தி நீ போயிட்டா எனக்கு யாருத்தா சேலை கட்டி விடுவா? உன் நாத்தனாளா? அவ கட்டுனா கோயில் போயிச் சேர்றதுக்குள்ள அவுந்துரும். கொசுவம் வைக்கத் தெரிஞ்ச கை இந்தக் குடும்பத்துல ஒன்னுதான் இருக்கு. அதத்தான் நான் நம்பி உக்காந்துருக்கேன்."

இத்தனை வருடத்தில் அவர் என்னைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. புகழ்ச்சி வரும்போது பிணத்துக்குச் சேலை கட்டுகிற வேலைக்காக வரும் என்று நான் எதிர்பார்த்திருக்கவும் இல்லை. சிரிக்கத்தான் நினைத்தேன். அழுகை வந்துவிட்டது, இந்த முறை குழாய் எதையும் திறக்காமலே.

மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நான் கொட்டி வைத்திருந்ததைப் பார்த்து, "இப்படியா திணிப்பா?" என்று முனகினார். பிறகு மேல் டிராயரிலிருந்து தன் பையை எடுத்து, ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, முட்டி வலியோடு மெள்ளக் குனிந்து, கடைசி டிராயரின் அடியில் வைத்து மூடினார்.

"உன்னோடத மேல் டிராயர்ல வை. தெனம் உடுத்துறவ குனியாம எடுக்கணும்."