வெயில் ஆகாத பன்னிரண்டு

மரக்கன்று நர்சரியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: செடி கேட்டு வருபவர் விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்பது, "எப்ப வெட்டலாம்?" கல்வராயன் மலைமேல் இருபது வருடம் இதற்குப் பதில் சொல்லியே என் தொண்டை வறண்டது.

கரும்புக்காரர்

ஒருமுறை கள்ளக்குறிச்சிக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் பன்னிரண்டு நிரம்பாலி நாற்றுகளை வளர்க்கச் சொல்லி எங்களிடம் விட்டுப்போனார். நிரம்பாலி, பைன் மரத்துக்குப் பங்காளி. தென்னாட்டுக் காட்டில் தானாக வளரும் பைன் பங்காளி இது ஒன்றுதான். திருநெல்வேலி மழைக்காட்டில் அருகிக்கொண்டே வருகிறதாம். வளர்த்து அங்கேயே திருப்பி நட வேண்டும். மூன்று வருடமாகியும் முழங்கால் உயரம் வரவில்லை. ஆனால் அந்த இலையின் பளபளப்பு இருக்கிறதே, கண்ணை எடுக்க முடியாது!

மூங்கில்துறைப்பட்டிலிருந்து டிராக்டரில் வந்த கரும்பு விவசாயி அதன் முன்னால் குந்திவிட்டார். விற்பனைக்கில்லை, வெட்டவும் கூடாது என்றேன். இலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "வெட்டவே கூடாதுன்னா, இதுக்கு இன்னாத்துக்குங்க இத்தினி அழகு?"

என் கைங்கரியம்

வரும் மழைக்கு நடலாம் என்று பேராசிரியர் சொல்லி அனுப்பினார். நடுவதற்கு முன் நாற்றை வெயிலில் வைத்துப் பழக்குவது எங்கள் வழக்கம். தேக்கு, வேம்பு எல்லாம் அப்படித்தான். பன்னிரண்டையும் தூக்கி வெயிலில் வைத்தேன். நாலே நாளில் ஐந்து கருகிவிட்டன. இருட்டுக் காட்டில் பிறந்ததை வெயிலில் நிறுத்திய பாவி நான்தான்.

எங்களிடம் பையில் மண் நிரப்பும் லட்சுமி, இந்த மலைக்காரி. என்னைக் கேட்காமலே மிச்சமிருந்த ஏழு நாற்றையும் ஓடைக்கரைப் பலாமர நிழலுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தாள். செய்த தப்பு என்னுடையது, கத்தியதும் நான்தான். அவள் நிமிரவே இல்லை: "திட்றதுன்னா அப்பறமா திட்டுங்க சார், மொதல்ல அந்தக் கொடத்தத் தூக்கியாங்க."

பிறந்த காடு

ஏழும் பிழைத்தன. பேராசிரியர் எங்கள் இருவரையும் நாற்றுகளோடு அந்தத் திருநெல்வேலிக் காட்டுக்கே அழைத்துப்போனார். நடுப்பகலிலும் அரையிருட்டு, காலெல்லாம் அட்டை. இவற்றுக்கு விதை தந்த தாய்மரத்தை அண்ணாந்து பார்த்தேன். உச்சி பனிமூட்டத்துக்குள் போய்விட்டது. இவ்வளவு பெரிய மரத்தடியில் ஒரு குட்டிச்செடிகூட இல்லை.

ஏழையும் நட்டோம். கிளம்ப மனமில்லாமல், "இனிமே இதுங்களுக்கு யாரு தண்ணி ஊத்துவா?" என்றேன். மழையில் நனைந்துகொண்டிருந்த லட்சுமி சிரித்துவிட்டாள்: "மேல பாருங்க சார், ஊத்திக்கினுதான கீது."

ஆயிரக்கணக்கில் செடி வளர்த்த நான் அந்தக் காட்டுக்குச் செய்ய முடிந்த பெரிய உபகாரம், பேசாமல் மலையிறங்கியதுதான்.