வெள்ளிக்கிழமை கழுவிய மீன்தொட்டி

மூன்று வருடங்களுக்கு முன்பு, மலேசியாவில் ஈப்போ நகரத்துச் சிலிபினில் எங்கள் வீட்டில் நடந்தது இது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் தம்பிக்கு ஒரு விபத்தில் இடது கால் போய்விட்டது. கல்யாணம் ஆகாதவன். மருத்துவமனையிலிருந்து நேராக என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். வந்தவன் சக்கர நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தவன்தான். கேட்டால் தலையாட்டுவான், தானாக ஒரு வார்த்தை வராது. அந்த வாயாடிப் பயல் இப்படி ஊமையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்கு மனசே ஆறவில்லை.

சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். பள்ளி விட்டதும் தோட்டத்து லயன் வீடுகளுக்குப் பின்னால் ஓடிய கால்வாயில் இறங்கிச் சண்டை மீன் பிடிப்போம். ஆளுக்கொரு கண்ணாடிப் போத்தலில் விட்டு, நடுவில் ஓர் அட்டையைச் செருகி வைப்போம். இல்லையென்றால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கண்ணாடியிலேயே முட்டிக்கொள்ளும். "அக்கா, இங்க வாயேன்!" என்று அவன் கத்தாத நாளே கிடையாது. அந்த நினைப்பில்தான் ஒரு சின்ன மீன்தொட்டி வாங்கி, அவன் வெறித்துக்கொண்டிருந்த சுவரோரமே வைத்தேன்.

மீன் வளர்ப்பெல்லாம் எனக்கா தெரியாது என்ற திமிர். கண்ணுக்கு அழகாக இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன்: ஒரு சண்டை மீன், வால் நீண்ட கப்பிகள், இரண்டு குண்டுத் தங்கமீன்கள். வெள்ளிக்கிழமை என்றால் நான் சாமி மேடையிலிருந்து வாசல் வரை கழுவித் தள்ளிவிடுவேன். தொட்டியை மட்டும் விடுவேனா? தண்ணீரை முழுக்கக் கொட்டி, கல், பில்டர் பஞ்சு எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிப் பைப் தண்ணீரை நிரப்பினேன். பளபளவென்று இருந்தது. சனிக்கிழமை காலையில் மீன்கள் செத்து மிதந்தன. மறுபடி வாங்கினேன், அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. மூன்றாவது முறை தம்பி வாயைத் திறந்தான்.

"விடுக்கா. என் பக்கத்துல எதுவும் உயிரோட இருக்காது."

அழுகையும் ஆத்திரமுமாக மீன் வாங்கிய கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம் அண்ணன், என் வயதுதான் இருக்கும். "சாவப்போற மீனா பார்த்து விக்கிறீங்களா அண்ணே?" என்று நாலு பேர் முன்னால் கத்திவிட்டு, தம்பி சொன்னதையும் சொல்லி அழுதுவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை. தொட்டியை எப்படிக் கழுவுகிறேன் என்று மட்டும் கேட்டார். பெருமையாகச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யா அல்லா! சாமி மேடைய அப்படிக் கழுவுங்க லா. மீனுக்கு அந்தப் பஞ்சுல ஒட்டியிருக்கிற அழுக்குதான்கா காவல். அதுல இருக்கிற நல்ல கிருமிதான் தண்ணிய மீனுக்கு விஷமாகாம பாத்துக்குது. பைப் தண்ணியில குளோரின் மருந்து இருக்கு, மீனுக்கு ஆகாது. ஒரு நாள் வாளியில பிடிச்சு வச்சு ஊத்துங்க. வாரத்துக்குக் கால்வாசி மாத்தினா போதும்."

சண்டை மீன் கப்பியின் வாலைக் கடித்துவிடும், தங்கமீனுக்குப் பெரிய தொட்டி வேண்டும், என் தொட்டிக்கு நாலைந்து கப்பிகளே போதும் என்றார். அட்டை வைத்துச் சண்டை மீனைப் பிரித்த எனக்கு இது எப்படி மறந்தது? வெட்கமாகப் போய்விட்டது. ஐந்து கப்பிகள் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது தன் சொந்தத் தொட்டியிலிருந்து ஒரு பழைய பஞ்சை எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தார். கறுத்து வழவழவென்று இருந்தது.

"இத உங்க பில்டர்ல வைங்கக்கா. தயவு செஞ்சு கழுவிராதீங்க!"

அடுத்த வெள்ளிக்கிழமை என் கை துறுதுறுத்த பாடு எனக்குத்தான் தெரியும். வீடு முழுக்கக் கழுவினேன், தொட்டியைத் தொடவில்லை. சனிக்கிழமை காலையில் பயந்து பயந்து எட்டிப் பார்த்தேன். ஐந்து கப்பிகளும் நீந்திக்கொண்டிருந்தன. தம்பி நாற்காலியைத் தொட்டிக்குக் கொஞ்சம் கிட்டே நகர்த்தியிருந்தான்.

சில வாரங்கள் கழித்து, சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இங்க வாயேன்!"

விழுந்துவிட்டானோ என்று கத்தியோடு ஓடினேன். அவன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தான். தொட்டியில் போட்டிருந்த செடிக்குள் கடுகு கடுகாகக் கண்கள் தெரிந்தன.

"குட்டி போட்டிருக்குக்கா! பெரிய மீனுங்க தின்னுரும், சீக்கிரம் ஒரு போத்தல் எடுத்துட்டு வா லா!"

இன்றும் வெள்ளிக்கிழமைகளில் வீடெல்லாம் கழுவுகிறேன். அந்த அழுக்குப் பஞ்சின் மேல் மட்டும் கை வைப்பதில்லை, என் தம்பியின் குரலை எனக்குத் திருப்பிக் கொடுத்தது அதுதான்.