துவைக்காத ஒரு சட்டை

ஊரார் அழுக்கை வெளுத்துத் தரும் சலவைக்கூடத்தில் துணி பிரிப்பது அவள் வேலை. விடுதி விரிப்புகளும் உணவக மேசைத்துணிகளும் பட்டறைச் சீருடைகளும் மூட்டை மூட்டையாய் வந்து இறங்கும். ஒவ்வொன்றையும் கையிலெடுத்து, ஒருமுறை முகர்ந்து, எதற்கு வெந்நீர், எதற்கு இரட்டை அலசல் என்று ஒதுக்குவாள். கூடத்தில் அவளுக்கு ‘மூக்கக்கா’ என்றே பெயர்.

அப்படிப்பட்டவள் தன் வீட்டு அலமாரியில் ஒரு சட்டையை மட்டும் துவைக்காமல் வைத்திருந்தாள். கடைசல் பட்டறையில் வேலை செய்த அவள் கணவர், கடைசியாக வேலைக்குப் போய்வந்து கழற்றி ஆணியில் மாட்டிய சட்டை அது. மறுநாள் விடியலில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோயிற்று. இயந்திர எண்ணெயும் இரும்புத்தூளும் வியர்வையும் ஊறிய அந்தச் சட்டையை நெகிழிப் பையில் இட்டு முடிந்துவைத்தாள். மனம் தாங்காத நாளில் மட்டும் அவிழ்த்து, முகம் புதைத்து, திருமேனியைத் திரையிட்டு மூடுவதுபோல் மறுபடியும் முடிந்துவைப்பாள்.

சென்ற மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. போகும்போது மணங்கள் அனைத்தையும் உடன் கொண்டுபோயிற்று. அடுப்பில் பால் தீய்ந்தது தெரியாமல் நின்றவள், தெரிந்ததும் அலமாரிக்கு ஓடினாள். பையை அவிழ்த்தாள். சட்டை இருந்தது. அவர் இல்லை.

சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவருக்கு வாய் சும்மா இராது.

“என்ன மூக்கக்கா, இனிமே உன்னை வெறும் அக்கான்னு கூப்பிட்டா போதுமா?”

“கூப்பிடு. உன் வாய்க்கும் ஒரு காய்ச்சல் வரட்டும், இந்த இடம் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் துணிமூட்டைக்குள் குனிந்துகொண்டாள்.

மகள்தான் கைப்பேசியில் ஒரு மருத்துவச் சேவையைத் தேடிப் பதிவு செய்தாள். சர்க்கரை டப்பாவின்மேல் கைப்பேசியைச் சாய்த்துவைத்தாள்.

“இன்னும் நிமிர்த்துடி. டாக்டரம்மாவுக்கு என் மோவாய்தான் தெரியும்போல.”

திரையில் தோன்றிய இளம்பெண் மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். மூக்கைக் கழுவும் மருந்துக்கான சீட்டு கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. கூடவே ஒரு பயிற்சியும் சொன்னார்: “காலையிலயும் சாயங்காலமும் எலுமிச்சை, கிராம்பு, சோப்பு, அப்புறம் உங்களுக்கு ரொம்பப் பழகின வாசனை ஏதாவது ஒண்ணு. மோந்துக்கிட்டே அந்த வாசனையை நினைச்சுப் பாருங்கம்மா.”

ரொம்பப் பழகின வாசனை எது என்று அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த சந்திப்பிலும் முன்னேற்றம் இல்லை. மருத்துவர் புதிய சிகிச்சை ஒன்றைச் சொன்னார். “உங்க ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, மிஷின்ல சுத்தவிட்டுப் பிரிச்சு, புண்ணை ஆத்துற பகுதியை மட்டும் மூக்குக்குள்ள ஊசியா போடுவாங்க. கெட்டுப்போன நரம்பு மறுபடி துளிர்க்கலாம். எல்லாருக்கும் பலிக்கும்னு சொல்ல மாட்டேன், இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. சரி, என்னென்ன மோக்குறீங்க, காட்டுங்க பாப்போம்.”

எலுமிச்சை, கிராம்பு, சோப்பு. கடைசியாகப் பையை அவிழ்த்துச் சட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

“இது யாரோடதும்மா?”

“எங்க வீட்டுக்காரரோடது. அவரு இப்ப இல்ல.”

மருத்துவர் திரைக்கு நெருங்கி வந்தார். “தினமும் ரெண்டு வேளையும் இதைப் பிரிக்கிறீங்களா?”

“ஒரு வேளைகூட விட்டதில்ல டாக்டரம்மா.” குரலில் பெருமிதம்.

“அம்மா… பிரிக்கிற ஒவ்வொரு தடவையும் வாசனை கொஞ்சம் கொஞ்சமா வெளிய போயிடுமே.”

காற்றாட விட்டால் வாடை போகும் என்பது அவள் தொழிலின் முதல் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பது. அவசரமாகச் சட்டையை மடித்துப் பையிலிட்டு, சலவை மூட்டைக்குப் போடும் இறுக்கமான முடிச்சைப் போட்டாள். மகள் கையை நீட்டியபோது, “தொடாதே” என்றாள்.

மருத்துவர் எழுதித்தந்த சிகிச்சையகத்தில் ஊசி போட்டுக்கொண்டாள். பின் காத்திருந்தாள். ஐம்புலனையும் அளித்தவனிடம் நான்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு அந்த ஒன்றைக் கொடு என்று பேரம் பேசினாள்.

ஒருநாள் காலை, பட்டறைச் சீருடை மூட்டையை அவிழ்த்தபோது, நூலிழைபோல் எதுவோ நாசியைத் தொட்டது. இயந்திர எண்ணெய். யாரோ ஒருவரின் சட்டையை முகத்தோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள்.

“என்னக்கா, ஊரான் சட்டையோட குடும்பமே நடத்துற?” என்றார் இஸ்திரிக்காரர். அவள் முகத்தைப் பார்த்தவர் பெட்டியை ஓசைப்படாமல் கீழே வைத்தார். அந்தச் சட்டை அன்று கடைசிச் சுற்றில்தான் இயந்திரத்துக்குள் போனது.

வீட்டுக்கு விரைந்தாள். இறுகிய முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். எண்ணெய் வந்தது. சற்றுப் பின்னே இரும்பும் வந்தது. கழுத்துப்பட்டியின் உட்புறத்தில் முகம் புதைத்தாள், அவர் தங்கியிருக்க வேண்டிய இடம் அது. ஒன்றும் வரவில்லை. காற்றோடு போய்விட்டாரா, அவரை எட்டும் அளவுக்கு மூக்கு இன்னும் துளிர்க்கவில்லையா? அறிய வழியில்லை.

“அப்பா வாசனை வருதாம்மா?” என்றாள் வாசலில் நின்ற மகள்.

“பட்டறை வந்துடுச்சு. அவரு இன்னும் வரல.”

சட்டையை மடித்து, பையின் காற்றை மெல்ல வெளியே தள்ளப்போனவள், சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். அந்தக் காற்றையும் உள்ளேயே வைத்து முடிச்சிட்டாள்.

“டாக்டரம்மாவைக் கூப்பிடுடி. அடுத்த ஊசி எப்போன்னு கேக்கணும்.”