இறுக்கிக் கட்டிய கோல் வலை

மணப்பாட்டு மைதானத்தில் கோல் கம்பத்தில் நான் வலை கட்டும்போதெல்லாம் ஓரத்து பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து ஒரு குரல் வரும். "லூசா கட்டுல." தொய்வாகக் கட்டு என்று, பத்து வருடமாக இதே இரண்டு சொல். நானும் "சரி கோச்சு" என்பேன். எங்களுக்குள் நடக்கும் பேச்சில் பாதி இதுதான்.

கோச் கானா நாட்டுக்காரர். ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்தாட்டத்துக்காகக் கேரளத்துக்கு வந்தவர். ஊர் ஊராக ஆடினார். முழங்கால் போனதும், கூட்டி வந்தவர்கள் அவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் எங்கள் கோயில் திருவிழாப் பந்தயத்துக்கு வந்தவரைச் சர்ச்சின் பங்குச் சாமியார்தான் ஊர் அணிக்குப் பயிற்சி கொடுக்க நிறுத்திக்கொண்டார். ஒரு வருடம் என்று சொல்லித்தான் தங்கினார். வருடங்கள் ஓடி, எங்கள் ஊர்த் தமிழும் அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது. திருவிழா அன்று பத்து வீட்டில் அவரைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். மறுநாள் வாடகை அறையில் ஒற்றை முட்டையைப் பொரித்து, சுவரைப் பார்த்துச் சாப்பிடுவார். ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

நான் மீன் வலை பொத்துகிறவன், கிழிசலைத் தைக்கிறவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். ஒரே ஒரு தடவை கோல்கீப்பராக நின்றேன். பந்து வலப்பக்கம் போக, நான் இடப்பக்கம் பாய்ந்து கம்பத்தில் முன்பல்லை விட்டேன். சுறா கடித்ததாக ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த மாதிரி நிறையச் சொல்லி வைத்திருந்ததுதான் பின்னால் வினையானது.

ஒரு வயதில் விட்டு வந்த மகள் ஒருத்தி கோச்சுக்குக் கானாவில் இருந்தாள். பத்து வருடத்துக்கு முன்னால் அவளுக்கு எட்டு வயது. அப்பா பந்தாட்டக்காரர் என்று அவள் சொன்னால் கூடப் படிக்கிற பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். "ஒரு கோலு. அவ பாக்க ஒரே ஒரு கோலு அடிச்சிட்டா போதும்ல" என்பார்.

அந்த வருடத் திருவிழா இறுதி ஆட்டத்தில், டாக்டர் வேண்டாம் என்றதையும் மீறிக் கடைசிப் பத்து நிமிடம் இறங்கினார். வீடியோ காலில் மகள். கோலுக்குப் பின்னால் போனைப் பிடித்து நிற்கும் வேலை எனக்கு. காலையில் புது வலை கட்டியதும் நான்தான். கிழிசல் பார்க்க நாங்கள் மீன் வலையை இழுத்துத்தான் கட்டுவோம். தொய்வு விட்டவனைச் சோம்பேறி என்பார்கள். அதே பழக்கத்தில், கம்பத்துக்கு ஒரு முழம் பின்னால், தட்டினால் மேளம் மாதிரி அதிரும்படி கட்டியிருந்தேன். போகிறவன் வருகிறவனிடமெல்லாம் தட்டிக் காட்டி வேறு பெருமை அடித்தேன்.

இடது காலால் கோச் அடித்த பந்து என் மூக்குக்கு நேரே வந்தது. உள்ளே நுழைந்து, வலையில் பட்டு, வந்த வேகத்திலேயே வெளியே தெறித்தது. தூரத்தில் நின்ற நடுவர் கம்பத்தில் பட்டதென்று ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். எங்கள் பயல்கள் கத்திய பிறகு என்னிடம் வந்தார்.

"ஏ, நீதான பின்னால நின்ன. உள்ள போச்சா?"

"சத்தியமா உள்ள போச்சு சார்."

எதிரணிக்காரன் சிரித்தான். "இவன் சொல்லுததையா நம்புதீய? பல்லச் சுறா கடிச்சிட்டுன்னு சொல்லுத ஆளு சார்."

மைதானமே சிரித்தது. நடுவரும் கோல் இல்லையென்று கையசைத்துவிட்டார். எங்கள் கேப்டனும் வாயைப் பொத்திக்கொண்டான். வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே உண்மைக்கு அத்தனை சிரிப்பு. கோச் மட்டும் சிரிக்கவில்லை. முழங்காலைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். போனைப் பார்த்தேன். அதில் முழுக்க என் வலையின் கண்ணிகள்தான் தெளிவாகத் தெரிந்தன. ஆட்டம் அதற்குப் பின்னால் மங்கலாக இருந்தது. அவள் பார்த்ததும் அதைத்தான்.

கோச் போனை வாங்கி அவர்கள் பாஷையில் ஏதோ பேசினார்.

"என்ன சொன்னீரு கோச்சு?"

"கோல் இல்லன்னு சொன்னேன்."

"கோலுதான. நான் பாத்தேம்லா."

"நடுவர் இல்லன்னா இல்லதாம்ல."

அதற்குப் பிறகு அந்தக் கால் சரியாக மடங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே பயிற்சி கொடுக்கிறார். மகளிடமிருந்து தினம் வந்த அழைப்பு வாரத்துக்கு ஒன்றாகி, மாதத்துக்கு ஒன்றானது. என்னை அவர் ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருக்கலாம். நானும் பதிலுக்கு ஏதாவது கோமாளித்தனம் செய்து தப்பித்திருப்பேன்.

போன வாரம் வலை கட்டிக்கொண்டிருந்தபோது, நாற்காலியில் அவர் வைத்துவிட்டுப் போன போன் அடித்தது. அவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். எடுத்தேன். திரையில் அவர் மகள். பெரிய பெண்ணாகிவிட்டாள், அப்பாவின் அதே நெற்றி. அவள் இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். எனக்கு இங்கிலீஷும் தெரியாது, கானா பாஷையும் தெரியாது. போனை வலைப் பக்கம் திருப்பி, இந்தத் தடவை பக்கவாட்டில் நின்று, பந்தைக் காலால் உருட்டி உள்ளே விட்டேன். அது தொய்ந்த வலையில் முட்டி அங்கேயே கிடந்தது. அதைக் காட்டி, பிறகு தூரத்தில் நின்ற அவள் அப்பாவைக் காட்டி, "கோல்" என்றேன். பல் போன வாயைத் திறந்து, சிரிக்காமல், இன்னொரு தடவை "கோல்" என்றேன்.

அவள் பந்தையே பார்த்தாள். அவளுக்கு என்ன விளங்கியதோ தெரியவில்லை. அதற்குள் கோச் நொண்டிக்கொண்டு வந்து போனை வாங்கிக்கொண்டார். வெகு நேரம் பேசினார்கள். அவர்தான் அதிகம் கேட்டுக்கொண்டிருந்தார். பேசி முடித்தும் போனைக் கீழே வைக்கவில்லை.

"அவகிட்ட என்னல சொன்ன?"

"வலையக் காட்டுனேன் கோச்சு."

வலைப் பக்கம் பார்த்தார். "லூசா கட்டிருக்கியா?"

"கட்டிருக்கேன்."

பந்து இன்னும் உள்ளேதான் கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதை எடுக்கப் போகவில்லை.